தலைமாட்டுச் செங்கற்கள்

யேசு மரி சூசை

ராயபுரம்,
28-4-1971

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நலம் என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, வேறு தாள் எடுத்திருக்கிறேன். உண்மையில்லாத வாக்கியத்தில் கடிதத்தைத் தொடங்கக் கூடாது என்று கான்வென்ட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே விஷயத்துக்கே வருகிறேன்.

உங்கள் மகளும் என் மருமகளுமான ஞானம், பாஸ்கா முடிந்த வாரம் உங்களைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எண்ணூருக்கு வந்தாள். ஞாயிறு பூசைக்குத் திரும்பிவிடுவதாகப் பேச்சு. ஞாயிறுகள் போய்க்கொண்டிருக்கின்றன. என் மகன் அருள்நாதன் எண்ணூர் பவுண்டரியில் வேலை முடிந்ததும் உங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ரயிலேறி வருகிறான். நான் சோறு போட எழுந்தால், "ஆச்சும்மா" என்கிறான். அவ்வளவுதான் பேச்சு.

பவுண்டரியில் அவனுக்கு எண்ணூரிலேயே குவார்ட்டர்ஸ் தருகிறார்கள். ஜூன் முடிவதற்குள் வேண்டும், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்கினால் அங்கேயே குடியிருக்க வேண்டும், பூட்டி வைக்கக் கூடாது. அவனைக் கேட்டால் ஞானத்தைக் கேட்கச் சொல்கிறான். அவள் உங்களைக் கேட்க வேண்டும் என்கிறாளாம். பிள்ளைகள் இருவரும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் இருவருக்கும் உடம்பு சரியில்லை. ஞானம் ஒருத்திதான்.

ஆகவே ஒன்று சொல்கிறேன். என் வியாதியை நான் எழுதுகிறேன், உங்களுடையதை நீங்கள் எழுதுங்கள். மறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். யாருடையது கனமோ அவளிடம் ஞானம் இருக்கட்டும். இதை நாம் முடிவு செய்து பிள்ளைகளிடம் சொல்லலாம். அருளிடம் கடிதத்தைக் கொடுத்தனுப்பினால் கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் பிரித்துவிடுவான். அதனால் தபாலில் அனுப்புகிறேன்.

எனக்கு வலது கால். கொஞ்சம் நடந்தால் கெண்டைக்கால் இறுகிக்கொள்ளும். நின்றால் விட்டுவிடும். சில வருடங்களாகவே இப்படித்தான். கடைத்தெருவில் வலி வந்தால் ஏதாவது ஒரு புடவைக் கடை வாசலில் நின்று பார்ப்பேன். எனக்குப் புடவை ஆசை வந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். தவக்காலத்தில் இது யாருக்கும் தெரியாமலே போனது. சிலுவைப்பாதையில் ஒரு ஸ்தலத்துக்கும் அடுத்ததற்கும் சில அடிகள்தான். வலி தொடங்கும்போது நிற்க வேண்டிய இடம் வந்துவிடும். செபம் முடிவதற்குள் கால் சரியாகிவிடும். ஒவ்வொரு ஸ்தலத்திலும் நான் உருகி நிற்பதாகப் பங்குக் குரு பிரசங்கத்தில் சொன்னார். நான் மறுக்கவில்லை.

இந்தப் பெரிய வெள்ளியன்று கோயிலுக்கு வெளியே மணலில், உச்சி வெயிலில், வெறுங்காலோடு பவனி. எல்லோரும் கால் மாற்றி மாற்றித் துள்ளினார்கள். எனக்குச் சுடவில்லை. பெருமையாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சுண்டுவிரல் ஓரம் முழுவதும் கொப்புளம். அது உடைந்து புண்ணாகி இன்னும் ஆறவில்லை. டாக்டர் பக்தவச்சலம் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடியைத் தேடினார். இடது காலில் லேசாகக் கிடைத்தது. வலது காலில் கிடைக்கவில்லை. காலுக்கு வரும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறதாம். சர்க்கரையும் இருக்கிறதாம்.

குனிந்து கட்டுப் போட என்னால் முடியவில்லை. வேலைக்கு வரும் இருதயம்மாள் புண்ணைப் பார்த்ததும் ஜெபமாலையை எடுத்துவிடுகிறாள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஐரீன் ஸ்டானிஸ்லாஸ்

*

எண்ணூர்,
மே மாதம், செவ்வாய்க்கிழமை

ராயபுரம் சம்பந்தியம்மாவுக்கு, சிலுவையம்மாள் சொல்ல, எதிர் வீட்டு மளிகைக் கடை ஜஹாங்கீர் எழுதுவது. நல்ல தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். "நான் சொல்றத அப்டியே எழுது பாய், உன் தமிழு யாருக்கு வேணும்" என்கிறார். அப்படியே எழுதுகிறேன்.

சம்பந்தியம்மா, உங்க லெட்டரு வந்துச்சு. ஞானம் தண்ணி புடிக்க போயிருக்க சொல்ல பாய் படிச்சாரு. இன்னொரு தபா படிக்க சொன்னேன். அந்த சிலுவப்பாத சமாச்சாரத்துக்கு சிரிச்சிகினே இருந்தேன். கோவிச்சிக்காதீங்க. என்னியும் தவக்காலம்தான் டபாய்ச்சிடுச்சு.

காலைல எழுந்தா மூஞ்சி உப்பிகினு இருக்கும். ரெண்டு வருசமா. கடல்காத்துன்னு வுட்டுட்டேன். எங்க வூட்டுக்காரரு கடல்ல செத்த வருசத்துலேர்ந்து தவக்காலம் முச்சூடும் எனக்கு உப்பில்லா கஞ்சிதான். மீனு, கவிச்சி தொடமாட்டேன். அப்ப உடம்பு பஞ்சாட்டம் லேசாயிடும். வீக்கம்லாம் ஓடிடும். சாமி புண்ணியம்னு நெனச்சேன். பாஸ்காவுக்கு அப்பால ஒரு வாரம் துன்னேன் பாருங்க. வஞ்சிரம், கறி, கருவாடு. காலு ரெண்டும் தூண் மாதிரி ஆயிடுச்சு. விரல வெச்சி அமுக்குனா பாய் கட வெல்லத்துல அமுக்குனாப்ல குழி வுழுது. ஞானம் ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போனா.

கிட்னி ரெண்டும் சுருங்கிப் போச்சாம். ரொம்ப நாளா போய்கினு இருந்துச்சாம், எனக்குத்தான் தெரியலியாம். பிரஷரும் கீதாம். டாக்டரு சின்னப் புள்ள, கண்ணாடி போட்டுகினு கீது. தவக்காலத்து கதய சொன்னேன். "அம்மா, இனிமே உங்களுக்கு ஆயுசுக்கும் தவக்காலம்தான்"னு சொல்லிட்டாரு. உப்பு கூடாது, மீனு கூடாது, பருப்பு கொஞ்சூண்டுதான். தண்ணி சொம்புல அளந்து. கடலோரத்துல பொறந்தவளுக்கு உப்பும் கூடாது, தண்ணியும் கூடாதாம். எங்க போயி சொல்றது.

வலி இல்ல சம்பந்தியம்மா. அதான் பேஜாரு. வலிச்சா நாலு பேராண்ட சொல்லலாம். வாய்ல சோறு வெச்சா பித்தள சொம்ப நக்குனாப்ல கீது. உடம்பெல்லாம் அரிப்பு. நாலு எட்டு வெச்சா குந்திக்கணும். நீங்க நின்னா சரியாயிடுதுன்னீங்க. நான் குந்திகினாலும் சரியாவல.

ஞானம் இருந்தா உப்பில்லாம ஆக்குறா. அவ போயிட்டா நான் கருவாட்டுப் பானைய தொட்டுடுவேன். இது மெய்யாலுமே. எம் மேல எனக்கே நம்பிக்க இல்ல. எனக்கு அவள அனுப்ப மனசும் இல்ல. எழுது பாய், அத்தயும் எழுது.

உங்க காலுக்கு ஒரு வழி சொல்றேன். ரெண்டு தலகாணிய அடுக்கி அது மேல கால தூக்கி வெச்சிகினு படுங்க. எனக்கு ஞானம் அப்டித்தான் வெக்கிறா. காலைல பாதி வீக்கம் வத்திடுது. உங்களுக்கும் சோக்கா இருக்கும்.

இப்படிக்கு,
சிலுவையம்மாள் கைநாட்டு

*

யேசு மரி சூசை

ராயபுரம்,
24-5-1971

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையும் தெளிவில்லை. ஜஹாங்கீர் அவர்கள் அடுத்த முறை வருடத்தோடு எழுதட்டும். மற்றபடி அவர் கையெழுத்து நேராக இருக்கிறது.

தலையணை யோசனையைச் செய்து பார்த்தேன். காலை உயர்த்திய சிறிது நேரத்தில் பாதம் சுண்ணாம்பு போல வெளுத்தது. பிறகு விரல்களில் வலி பிடித்தது. அதை வர்ணிக்க விரும்பவில்லை. பழகினால் சரியாகும் என்று மறுநாளும் செய்தேன். சொன்னதைச் செய்யாமல் குறை சொல்லக் கூடாது என்பது என் பழக்கம். டாக்டர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "யார் சொன்னது?" என்றார். சம்பந்தி என்றேன். "அவங்களுக்கும் இதேதானா?" என்றார். இல்லை, அவர்களுக்குச் சிறுநீரகம் என்றேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து விளக்கினார்.

உங்கள் காலில் இருப்பது வெளியே போக வழியில்லாத தண்ணீர். உயர்த்தினால் அது வடியும். என் கால் ரத்தம் வந்து சேராத கால். உயர்த்தினால் வருகிற கொஞ்சமும் திரும்பிவிடும். அதைத் தாழ்த்தித்தான் வைக்க வேண்டும். இதற்காக என் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் அடுக்கச் சொன்னார். அருள் சாத்தாங்காட்டுப் பக்கம் போய்ச் சூளைச் செங்கல் கொண்டுவந்தான். இப்போது தலை மேலே, கால் கீழே. சரிவில் வழுக்குகிறது. ஆனால் வலி குறைந்திருக்கிறது.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். பிரஷரும் சர்க்கரையும் குழாய்களைக் கெடுக்கும்போது சிலருக்குக் கால் போகும், சிலருக்குச் சிறுநீரகம் போகும், சிலருக்கு இரண்டும் போகும். அதற்காக என் சிறுநீரைச் சோதித்தார். உங்கள் வியாதி எனக்கு இல்லை. உங்கள் பாதத்தில் நாடி இருக்கிறதா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வீக்கத்தில் அவர் தேடாமல் விட்டிருக்கலாம்.

இப்போது ஒப்பிடுகிறேன். இரண்டுமே சத்தமில்லாமல் வருகிற வியாதிகள். உங்களுக்கு வலி இல்லை. எனக்கு இருக்கிறது. உங்களுக்குத் தேவை உப்பில்லாத சமையல். எனக்குத் தேவை தினமும் புண்ணைக் கழுவிக் கட்டும் கை. கருவாட்டுப் பானையை யாரும் தூக்கி வெளியே வைத்துவிடலாம். புண்ணுக்கு அப்படி இல்லை. இதுவரை என் பக்கம்தான் கனம். இதை விருப்பு வெறுப்பில்லாமல் எழுதுகிறேன்.

அருளிடம் இளநீர் ஒரு குலை கொடுத்தனுப்புகிறேன். சிறுநீர் தாராளமாகப் போக இதைவிட நல்லது இல்லை. தண்ணீர்தானே அளவு, இளநீருக்கு அளவு சொல்லவில்லை அல்லவா.

ஐரீன் ஸ்டானிஸ்லாஸ்

*

எண்ணூர்,
16-6-1971 (சம்பந்தியம்மா கேட்டபடி வருடத்தோடு. – ஜஹாங்கீர்)

சம்பந்தியம்மா, உங்க இளநீ குடிச்சி நான் பரலோகம் போய் கதவ தட்டிட்டு வந்தேன்.

கோவமா சொல்லல, சிரிச்சிகினுதான் சொல்றேன். பாயக் கேளுங்க. ஞானம் பூசைக்குப் போயிருந்தா. நாக்கு வறண்டு கெடந்தவ முன்னால ஒரு குலய வெச்சா இன்னா பண்ணுவா. வெட்ட வெட்ட குடிச்சேன். மறுநாளும் குடிச்சேன். அப்பால கை காலு தொவண்டு போச்சு. நெஞ்சு வலையில மாட்டுன மீனாட்டம் துள்ளுது, நின்னுடுது, மறுபடி துள்ளுது. மாப்ளதான் டாக்ஸி புடிச்சி ஆஸ்பத்திரிக்கு தூக்கினு ஓடுச்சு.

அந்த கண்ணாடி டாக்டரு திட்டுனாரு பாருங்க. இளநீல ஒரு உப்பு கீதாம். நாக்குக்குத் தெரியாதாம். நல்ல கிட்னி அத்த வெளிய தள்ளிடும், என்னுது தள்ளாதாம், நெஞ்ச நிறுத்திடுமாம். "யாரும்மா குடுத்தது?"ன்னாரு. சம்பந்தின்னேன். "அவங்களுக்கு உங்க மேல இன்னா கோவம்?"னு கேட்டாரு. நல்லா சிரிச்சேன், ஊசி குத்திகினு இருக்க சொல்லயே.

நான் தலகாணிய சொல்லி உங்க கால கெடுத்தேன். நீங்க இளநீ குடுத்து என் நெஞ்ச கெடுத்தீங்க. நம்ம ரெண்டு பேரும் பாசம் காட்டாம இருந்தாலே இன்னும் கொஞ்ச நாளு ஓட்டலாம்.

காலு நாடிய தேடச் சொன்னேன். கீதாம். ரெண்டு கால்லயும் கீதாம். அதுல நான்தான் பணக்காரி.

ரத்தத்த கழுவுற மெஷினு ஒண்ணு கீதாம். எங்கியோ ஒண்ணு ரெண்டு எடத்துலதானாம். நம்ம கைக்கு எட்டாதாம். அத்த டாக்டரு ஞானத்தாண்ட வெளிய கூட்டினு போய் சொன்னாரு. கதவு தொறந்துதான் இருந்துச்சு.

ஞானத்த ஞாயித்துக்கெழம அனுப்பறேன். "ஆத்தா, உன்ன யாரு பாத்துப்பா?"ன்னு நிக்கிறா. "எனுக்கு இன்னாடி, குந்திகினு கீறேன். உன் மாமியாருக்கு வெரலு அழுகிப் போவுது, போ"ன்னு சொல்லிட்டேன். உங்களுது கண்ணுக்கு தெரியற புண்ணு. என்னுது உள்ள கீது, யாருக்கும் அருவருப்பு இல்ல. நீங்க ஜெயிச்சீங்க. குவார்ட்ரஸ் வேணாம்னு மாப்ளய எழுதிக் குடுத்துடச் சொல்லுங்க. கருவாட்டுப் பானய பாய் கடைல குடுத்துட்டேன். நான் கேட்டாலும் குடுக்க மாட்டாரு.

கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். – ஜஹாங்கீர்.

சிலுவையம்மாள் கைநாட்டு

*

யேசு மரி சூசை

ராயபுரம்,
29-6-1971

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இளநீர் விஷயத்தில் தவறு என்னுடையது. கேட்காமல் அனுப்பியிருக்கக் கூடாது.

ஞானம் வந்துவிட்டாள். கட்டு நன்றாகப் போடுகிறாள். துணி இறுகாமல், நழுவாமல் நிற்கிறது. அவள் கட்டும்போது வடக்கே போகிற ரயில் கூவினால் கை நின்றுவிடுகிறது. ரயில் போன பிறகு மறுபடி கட்டுகிறாள். நான் பார்க்காதது போல இருக்கிறேன்.

வந்த அன்று மீன் குழம்பு வைத்தாள். வாயில் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். உப்பே இல்லை. "என்ன ஞானம்?" என்றேன். "ஐயோ அத்தை, கைப்பழக்கம்" என்று உப்பு ஜாடியை எடுத்துவந்தாள். மறுநாள் ரசத்தில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான் பிறகு கேட்கவில்லை. சாப்பிட்டேன். உங்களுக்காகச் சமைத்த சாப்பாட்டை இங்கே நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

சுண்டுவிரல் கறுத்துவிட்டது. கறுப்பு மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் ஆபரேஷன்.

இந்தச் செய்தியால் என் பக்கம் இன்னும் கனமாகிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடி ஒப்பிட்டேன். என் வியாதி காலில் இருக்கிறது. காலை எடுத்தால் வியாதியும் போய்விடும். காயம் ஆறியதும் எனக்குக் கட்டுப் போட ஆள் தேவையில்லை. உங்களுடையது உள்ளே, இரண்டு பக்கமும் இருக்கிறது. அதை வெட்டி எடுத்து வெளியே வைக்க முடியாது. உங்களுக்கு ஆள் தேவையில்லாத நாள் வரப்போவதில்லை. ஆகவே கனம் உங்கள் பக்கம். நான் முன்பு எழுதிய முடிவை மாற்றிக்கொள்கிறேன்.

நேற்று அருளை உட்காரவைத்து, குவார்ட்டர்ஸ் வேண்டும் என்று கையெழுத்துப் போடச் செய்தேன். ஆபரேஷன் வரை இருக்கிறேன் என்று ஞானம் அழுதாள். அதற்குச் சம்மதித்தேன். "நீங்களும் எண்ணூருக்கு வந்துடுங்க அத்தை" என்றாள். இது என் கணவர் துறைமுகத்தில் உழைத்துக் கட்டிய வீடு. இதில் என் நாற்காலி இருக்கிறது. இருதயம்மாள் இரவும் தங்க ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

கால் போன பிறகு சரிவுக் கட்டில் எனக்கு எதற்கு? குவார்ட்டர்ஸுக்குச் சாமான் போகும் வண்டியில் அதையும் ஏற்றச் சொல்லியிருக்கிறேன், செங்கற்களோடு. என் தலை இருந்த பக்கம் உங்கள் கால் இருக்கட்டும். தலையணை அடுக்க வேண்டிய அவசியம் இருக்காது. உங்கள் சாமான்களையும் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவர்களோடு இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

ஐரீன் ஸ்டானிஸ்லாஸ்

*

எண்ணூர், குவார்ட்டர்ஸ்,
20-8-1971

சம்பந்தியம்மா, கட்டிலு வந்துச்சு. வண்டிக்காரன் செங்கல்ல பாத்துட்டு, "இன்னா ஆயா, செவுரு எழுப்பப் போறியா?"ன்னு கேட்டான். "இல்லடா, சம்பந்தி சீரு"ன்னு சொன்னேன்.

நீங்க எழுதுனாப்லதான் கால செங்கல் பக்கம் வெச்சி படுத்தேன். காலு வத்துச்சு. ஆனா இப்ப கொஞ்ச நாளா கீழ தல சாஞ்சா மூச்சு அடைக்குது. தண்ணி கால்லேர்ந்து நெஞ்சுக்கு வந்துடுச்சாம். தலய ஒசத்தித்தான் படுக்கணும்னு கண்ணாடி டாக்டரு சொல்றாரு. அதால ஞானம் தலகாணிய மாத்திட்டா. இப்ப உங்க தல இருந்த பக்கம்தான் என் தலயும். செங்கல்ல நகத்தவே இல்ல.

உங்க கால எடுத்துட்டாங்கன்னு மாப்ள வந்து சொல்லுச்சு. நல்லா சொல்லுச்சு, அழுவல. நான்தான் அழுதேன். பாய், அத்த எழுதாத.

எழுதிவிட்டேன். – ஜஹாங்கீர். (குவார்ட்டர்ஸ் என் கடைக்குப் பின்தெருதான். வந்துதான் எழுதுகிறேன்.)

சம்பந்தியம்மா, வாங்களேன். கட்டில்ல பாதி காலியா கீது. காலு இல்லாம எப்டி வர்றதுன்னு ஞானத்தாண்ட சொன்னீங்களாம். நான் மூச்சு இல்லாம குந்திகினு கீறேன், எனக்கு எதுக்கு உங்க காலு? வாயி இருந்தா போதும். இங்க எல்லாரும் என்னாண்ட சன்னமா பேசறாங்க. சண்ட போட ஆளு இல்ல. நீங்க தப்பு கண்டுபுடிச்சிகினே இருப்பீங்க. நேரம் போவும்.

ஞானம் தெனம் சாயங்காலம் வாசல்ல நின்னுகினு தெக்கால பாக்குறா. அங்க இருக்க சொல்ல வடக்கால போற ரயிலு கூவுனா கை நின்னுடுமாம், நீங்கதான் எழுதுனீங்க. அவள ரெண்டாக்க முடியுமா?

சிலுவையம்மாள் கைநாட்டு

*

யேசு மரி சூசை

ராயபுரம்,
10-9-1971

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் அழைப்பை யோசித்தேன். வருவதாக முடிவு செய்திருக்கிறேன். உடனே வரமாட்டேன்.

கக்கத்தில் வைத்து நடக்கும் கட்டைகள் வாங்கியிருக்கிறேன். கூடத்தில் பழகுகிறேன். இருதயம்மாள் பின்னால் கைகளை விரித்துக்கொண்டு வருகிறாள். கோழி பிடிப்பவள் போல இருக்கிறது. வேண்டாம் என்றால் கேட்பதில்லை. யாரும் என்னை மூட்டை போலத் தூக்கி இறக்குவதை நான் விரும்பவில்லை. எண்ணூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு நானே இறங்கி, நானே நடந்து உங்கள் வாசலுக்கு வருவேன். அக்டோபர் மாத ஜெபமாலை முடிவதற்குள் இது முடியும் என்று நினைக்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த பிறகு சில விஷயங்கள். காலையில் காப்பி எனக்குச் சூடாக வேண்டும், ஆற்றித் தரக் கூடாது. நீங்கள் வெற்றிலை போடுவதாகக் கேள்வி. வீட்டுக்குள் துப்பக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஞானத்தை வேலை வாங்கக் கூடாது, நானும் வாங்கமாட்டேன். எனக்கென்று உப்புப் போட்டுத் தனியாகச் சமைக்க வேண்டாம். எனக்கு இப்போது பழகிவிட்டது. கட்டிலில் சுவர்ப் பக்கம் எனக்கு.

இவற்றுக்கு உங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கவும்.

ஐரீன் ஸ்டானிஸ்லாஸ்

*

எண்ணூர்,
25-10-1971

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு, ஜஹாங்கீர் வணக்கத்துடன் எழுதுவது.

அடக்கத்தன்று உங்களிடம் பேச முடியவில்லை. கூட்டமாக இருந்தது. நீங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கிவிட்டதாக ஞானம் சொன்னாள். கடையை விட்டு வர முடியாததால் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் செப்டம்பர் கடிதத்தைச் சிலுவையம்மாளுக்குப் பலமுறை படித்துக் காட்டினேன். கடைசி வாரத்தில் பதில் சொன்னார். மூச்சு நின்று நின்று வந்ததால் முழுவதும் சொல்ல முடியவில்லை. மறுநாள் முடிக்கலாம் என்றார். சொன்னவரை அப்படியே:

"சம்பந்தியம்மா, காப்பி சூடா குடுக்கச் சொல்றேன். வெத்தல வுட்டாச்சு, டாக்டரு வுட வெச்சிட்டாரு. ஞாயித்துக்கெழம சரி. செவுத்துப் பக்கம் உங்களுக்கே. ஆனா இந்த நடந்து வர்றது எதுக்குன்னு எனக்கு புரியல. யாரு பாக்கப் போறா. தூக்கினு வந்தா இன்னா. நான்…"

இவ்வளவுதான்.

ஒரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் என்னிடம் கருவாடு கேட்டார். ஒரு துண்டு போதும், வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிடுகிறேன் என்றார். கொடுத்த வாக்குப்படி கொடுக்கவில்லை. பானை இன்னும் என் கடையில் இருக்கிறது.

ஜஹாங்கீர்

*

யேசு மரி சூசை

எண்ணூர்,
7-11-1971

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் நான் இருந்ததில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பாதியில் நின்ற கடிதமும் கடிதம்தான்.

நான் ரயிலில் வரவில்லை. நீங்கள் போன செய்தி வந்ததும் அருள் டாக்ஸி கொண்டுவந்தான். வாசலில் என்னைத் தூக்கி இறக்கினான். உங்கள் தெருவே நின்று பார்த்தது. மூட்டை போலத்தான் இருந்திருப்பேன். யாரும் சிரிக்கவில்லை. கட்டைகள் ராயபுரத்திலேயே இருக்கின்றன. எடுத்துவரத் தோன்றவில்லை.

ஜஹாங்கீருக்குச் சொல்லியனுப்பினேன். அந்த நிலையில் ஒரு துண்டு கருவாட்டால் எதுவும் மாறியிருக்காது என்று கண்ணாடி டாக்டர் ஞானத்திடம் சொல்லியிருக்கிறார். இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். வாக்கைக் காப்பாற்றியது சரி என்று மட்டும் சொல்லியனுப்பினேன்.

நம் ஒப்பீட்டில் ஒரு திருத்தம் இருக்கிறது. ஜூன் மாதக் கடிதத்தில், காலை எடுத்தால் வியாதியும் போய்விடும் என்று எழுதியிருந்தேன். அது சரியல்ல. இல்லாத பாதம் வலிக்கிறது. சுண்டுவிரல் ஓரத்தில், அதே இடத்தில். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு இப்படி இருக்கும் என்றும், எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் பக்தவச்சலம் சொன்னார். எழுந்து உட்கார்ந்து அந்தக் காலைக் கட்டிலிலிருந்து தொங்கவிடுகிறேன். தொங்கவிட எதுவும் இல்லை. ஆனாலும் வலி கொஞ்சம் குறைகிறது. ஆகவே வெட்டி எடுக்கக் கூடியது, வெட்டி எடுக்க முடியாதது என்று நான் பிரித்தது தவறு. எந்தப் பக்கம் கனம் என்று இனி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஞானம் இப்போது வாசலில் நிற்பதில்லை. சமையலில் இன்னும் உப்புப் போடுவதில்லை. அருள் ஊறுகாய் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறான்.

நேற்று கட்டிலின் அடியிலிருந்து செங்கற்களை எடுத்துவிடலாம் என்று அருள் குனிந்தான். எனக்குச் சரிவு இப்போது தேவையில்லை என்பது அவனுக்குத் தெரியும். இருக்கட்டும் என்றேன். ஞானம் உறை மாற்றிய தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் போடட்டும் அத்தை?" என்று கேட்டாள்.

இருந்த பக்கமே போடச் சொன்னேன். சுவரோரத்தில் படுத்துக்கொள்கிறேன். மறு பாதியை விட்டுவைத்திருக்கிறேன்.

உங்கள் சம்பந்தி,
ஐரீன்